ஒரிஜினல் போர்டு மாட்டியும் தறி பாதி வேகத்தில்தான் ஓடுகிறது, கோடு (ரகசியக் குறியீடு) கேட்கிறது: என்ன செய்யலாம்?

இளம்பிள்ளை_ரேப்பியர் · செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மெஷின் தெரிந்தவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

எங்களிடம் இரண்டு ரேப்பியர் தறி (நாடா இல்லாத பவர் தறி) இருக்கிறது, மேலே எலெக்ட்ரானிக் ஜக்கார்டு (டிசைனுக்குப் பாவு நூலைத் தூக்கும் கருவி). நானும் வீட்டம்மாவும் தம்பியும்தான் ஓட்டுகிறோம், கூலிக்கு ஆள் கிடையாது. சித்திரை மழையோடு வந்த இடியில் ஒரு ஜக்கார்டின் பவர் போர்டு எரிந்துவிட்டது. டீலருக்குப் போன் செய்தால், கம்பெனி இன்ஜினியர் வர நாளாகும், புது போர்டும் இப்போது ஸ்டாக் இல்லை என்றார். வைகாசி முகூர்த்தத்துக்கு வாங்கிய ஆர்டர் தறியில் நிற்கிறது. அதனால் தாரமங்கலம் பக்கம் ஓட்டாமல் போட்டிருந்த அதே மாடல் மெஷினிலிருந்து போர்டைக் கழற்றி வாங்கி வந்தோம். டூப்ளிகேட் இல்லை, அதே கம்பெனி ஸ்டிக்கர், அதே நம்பர். நம்ம ஊர் எலெக்ட்ரீஷியனே மாட்டிக் கொடுத்தார்.

தறி ஓடுகிறது. புட்டாவும் பார்டரும் சுத்தமாக விழுகிறது, ஒரு ஹூக் தப்பவில்லை. ஆனால் திரையில் ‘பாகம் பதிவு செய்யப்படவில்லை, கோடு உள்ளிடவும்’ என்று வந்து நிற்கிறது. நிமிடத்துக்கு 150 பிக் (ஊடை இழை) ஓடிய தறி இப்போது 75-க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. டீலரைக் கேட்டால், வெளி போர்டு மாட்டினால் அப்படித்தான், இன்ஜினியர் வந்து கோடு போட வேண்டும், வரும் செலவும் கோடு சார்ஜும் சேர்த்து 18,000 ரூபாய் ஆகும் என்கிறார்.

மெஷினுக்குப் பணம் முழுதும் கட்டியாகிவிட்டது. பாக்கி ஒரு ரூபாய் இல்லை. போர்டு நல்ல போர்டு என்று தறியே ஓடிக் காட்டுகிறது. அப்புறம் எதற்கு வேகத்தைப் பாதியாக்க வேண்டும்? இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

சர்வீஸ்_மேசை · செவ்வாய், இரவு 10.25

அண்ணா, முதலில் ஒரு விஷயம்: எரிந்த பழைய போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காயலான் கடைக்கும் கொடுத்துவிடாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

நான் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் செய்கிறவன். தறி எனக்குத் தெரியாது, ஆனால் இந்த நோய் நன்றாகத் தெரியும். போர்டில் எட்டுக் கால் உள்ள சின்ன மெமரி ஐசி ஒன்று இருக்கும். அதில் அந்தப் போர்டின் சீரியல் நம்பர் எழுதியிருக்கும். மெயின் கண்ட்ரோலர் ஆன் ஆகும்போது அந்த நம்பரைப் படித்து, தன்னிடம் பதிந்திருக்கும் நம்பரோடு ஒத்துப் பார்க்கும். ஒத்துப் போகாவிட்டால் ஒன்று முழுதாக நிற்கும், அல்லது உங்கள் தறி மாதிரி முடக்கி ஓட்டும். போர்டு நல்லதா கெட்டதா என்ற சோதனையே அங்கே நடப்பதில்லை. நம்பர் ஒன்றா இல்லையா என்பது மட்டும்தான்.

போனில் இது ரொம்ப நாளாக நடக்கிறது. ஐபோன் 6-ல் வெளிக்கடையில் ஹோம் பட்டன் மாற்றியவர்களுக்கு, அப்டேட் போட்டதும் ‘எரர் 53’ என்று வந்து போன் முழுதாகச் செத்தது. 2016-ல் பெரிய சத்தம் ஆகி, ஆப்பிள் அதைச் சரிசெய்யும் அப்டேட் விட்டது. ஆஸ்திரேலியாவில் அது வழக்காகி, 2018-ல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். ஐபோன் 13 வந்த புதிதில், ஒரிஜினல் திரையையே மாற்றினாலும் ஃபேஸ் ஐடி வேலை செய்யாது. பழைய திரையின் ஐசியைப் பிடுங்கிப் புதுத் திரையில் ஒட்ட வைத்தால்தான் வரும். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்துச் செய்ய வேண்டிய வேலை. சத்தம் போட்ட பிறகு அதையும் ஒரு அப்டேட்டில் தளர்த்தினார்கள். இப்போதும் பேட்டரி மாற்ற வருகிறவர்களுக்கு, பழைய பேட்டரியின் சின்ன சர்க்யூட்டை வெட்டி எடுத்துப் புது செல்லில் வெல்டு வைக்கிற கடைகள் இருக்கின்றன. எச்சரிக்கை வரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு பாடு.

உங்கள் பழைய போர்டில் பவர் பக்கம் எரிந்திருந்தாலும் அந்த மெமரி ஐசி உயிரோடு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அதைப் படித்துப் புதுப் போர்டில் எழுதிவிட்டால் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். என்கிரிப்ட் செய்து வைத்திருந்தால் நடக்காது. பார்த்தால்தான் தெரியும்.

ஜவுளி_மெஷினரி · புதன், காலை 8.05

நான் இந்த மாதிரி மெஷின் விற்கும் பக்கம் இருக்கிறவன், எனவே அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

ஜக்கார்டில் ஆயிரக்கணக்கில் மேக்னெட் இருக்கிறது. வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் மாடுல் வரிசையாகப் போகும். கிடைத்த சப்ளையை மாட்டி மொத்த மெஷினையும் எரித்துவிட்டு, வாரன்டியில் மாற்றிக் கொடு என்று சண்டைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, தவணை. மெஷினைத் தவணைக்கு எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் கட்டிவிட்டு நிறுத்தினால், விற்றவனுக்கு அந்தக் கோடுதான் பிடிமானம். அதனால்தான் தேதி லாக் (குறித்த நாள் தாண்டினால் மெஷினை முடக்கும் பூட்டு) வைக்கிறார்கள்.

ஆனால் இவர் பணம் முழுதும் கட்டியிருக்கிறார், போர்டும் அதே கம்பெனி. இதில் 18,000 கேட்பது எனக்கே சரியாகப் படவில்லை. அண்ணா, கடைசித் தவணை கட்டியதும் ‘நிரந்தரக் கோடு’ என்று ஏதாவது எழுதிக் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை என்றால் உங்கள் மெஷின் இன்னும் தவணைக் கணக்கிலேயே பதிவாகி இருக்கலாம். அதை முதலில் எழுத்தில் கேளுங்கள்.

இளம்பிள்ளை_ரேப்பியர் · புதன், காலை 8.50

நிரந்தரக் கோடா? அப்படி ஒன்று இருப்பதே இன்றுதான் தெரிகிறது. மெஷின் வாங்கும்போது சீரியல் லாக் பற்றியோ வேகம் குறைவது பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பில்லில் இல்லை, கொடுத்த புத்தகத்திலும் இல்லை. புத்தகம் முழுக்க மெஷினைத் துடைப்பதும் எண்ணெய் விடுவதும்தான். சர்க்யூட் படம் ஒன்று கூடக் கிடையாது.

என் அப்பா காலத்து ஜக்கார்டில் அட்டை கிழிந்தால் அட்டை குத்துகிறவர் அன்றைக்கே புது அட்டை குத்திக் கொடுப்பார். ஊசி வளைந்தால் நாங்களே நிமிர்த்துவோம். வேகம் கம்மி, டிசைன் மாற்ற ஒரு நாள் ஆகும், அதெல்லாம் உண்மை. புது மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இதே மெஷினை நாங்கள் திறந்து பார்க்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

பாலிடெக்னிக்_வாத்தியார் · புதன், மதியம் 1.15

வேகத்தைக் குறைப்பது எப்போதுமே மோசடி இல்லை. அதைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் எந்த இடத்தில் தப்பு ஆரம்பிக்கிறது என்று பிடித்துக் கேட்க முடியும்.

போன் பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். லித்தியம் அயான் செல் பழகப் பழக அதன் உள் தடை ஏறும். பிராசசர் திடீரென்று அதிகக் கரன்ட் இழுக்கும்போது, ஏறிய தடையால் வோல்டேஜ் சட்டென்று விழும். விழுந்தால் போன் அணைந்துவிடும். பேட்டரி 30 சதவீதம் காட்டும்போதே போன் ஆஃப் ஆகிறது என்று சொல்கிறோமே, அதன் காரணம் இதுதான். குளிரில் தடை இன்னும் ஏறும். மார்கழியில் ஏற்காட்டில் பழைய போன் விடியற்காலை அடிக்கடி அணைவதற்கும் இது ஒரு காரணம்.

ஆப்பிள் 2017 ஜனவரியில் விட்ட 10.2.1 அப்டேட்டில், பேட்டரி தளர்ந்த ஐபோன்களில் பிராசசரின் உச்ச வேகத்தை அடக்கி வைத்தது. போன் அணைவது குறைந்தது. இன்ஜினியரிங் கணக்கில் இது சரியான வைத்தியம்தான். ஆனால் பயனாளிகளிடம் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த வருஷம் டிசம்பரில் வேக அளவீட்டு எண்களை வைத்து வெளியாட்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். அதற்குள், போன் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதுப்போன் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு புதுப் பேட்டரி மட்டும்.

பிறகு மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 ஆக்கினார்கள். 2018 மார்ச்சில் வந்த 11.3 அப்டேட்டில், வேகக் குறைப்பை அணைத்து வைக்கும் வசதியைப் பயனாளி கையிலேயே கொடுத்தார்கள். பிரான்ஸ் 2020-ல் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அந்த அபராதம் வேகத்தைக் குறைத்ததற்காக இல்லை, அதைச் சொல்லாமல் மறைத்ததற்காக. இத்தாலி அதற்கு முன்பே, 2018-ல், ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் இதே போன்ற காரணத்துக்காக அபராதம் விதித்தது. அமெரிக்காவில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்து போட்ட வழக்கு 2020 நவம்பரில் 11.3 கோடி டாலரில் முடிந்தது.

தறிக்கு வருவோம். போர்டு சூடாகிறது, வோல்டேஜ் ஆடுகிறது, அதனால் வேகத்தைக் குறைக்கிறேன் என்று கண்ட்ரோலர் சொன்னால் அது பாதுகாப்பு. அதற்கு அது அளந்து பார்த்திருக்க வேண்டும். இங்கே எதையும் அளக்கவில்லை, நம்பரை மட்டும் பார்க்கிறது. நல்ல போர்டும் கெட்ட போர்டும் அதற்கு ஒன்றுதான். அப்படியானால் அந்த 75 பிக் மேக்னெட்டைக் காப்பாற்ற வைத்த எல்லை இல்லை.

ஐந்துரோடு_கேமர் · புதன், மதியம் 2.30

சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் சாம்சங் எஸ்22 போன்களில், கேம் சூட்டைக் குறைக்க என்று இருந்த ஒரு சேவை, கேமே அல்லாத ஆயிரக்கணக்கான ஆப்களையும் மெதுவாக்கியது கொரியாவில் வெளிவந்தது. வேகம் அளக்கும் ஆப்களை மட்டும் விட்டுவைத்தது. அதாவது பரீட்சையில் முழு மார்க், வேலையில் பாதி. வேகம் அளக்கும் கீக்பெஞ்ச் ஆப் அந்த மாடல்களைத் தன் பட்டியலிலிருந்தே எடுத்தது. அதற்கு முந்தின வருஷம் ஒன்பிளஸ் 9-க்கும் இதே கதி.

என்விடியா 2021-ல் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டில் கிரிப்டோ மைனிங் வேகத்தைப் பாதியாக்கி விற்றது. ஆனால் அதை வெளியிடுவதற்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். வாங்குகிறவன் தெரிந்தே வாங்கினான். அதனால் எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை.

அண்ணா, நெட்டில் உங்கள் கண்ட்ரோலருக்கு கிராக் ஃபர்ம்வேர் (பூட்டை உடைத்த உள் புரோகிராம்) கிடைக்குமா என்று தேடிப் பார்க்கட்டுமா?

சர்வீஸ்_மேசை · புதன், மதியம் 2.45

தம்பி, வேண்டாம். யாரோ ஏற்றி வைத்த ஃபர்ம்வேரைத் தறியில் போட்டால், மேக்னெட்டுக்குப் போகிற பல்ஸ் நேரம் மாறினால் கூடப் போதும், மாடுல் சூடேறிப் போய்விடும். கையைக் கழுவ வேண்டியதுதான். இருக்கிற டேட்டாவைப் படித்துக் காப்பி எடுத்து வைப்பது வேறு, தெரியாத புரோகிராமை ஏற்றுவது வேறு.

நாகலூர்_காப்பி · புதன், மாலை 6.20

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது சின்னத் தோட்டம். காப்பி, ஊடே மிளகு.

காப்பிப் பழம் பறித்தால் அன்றைக்கே தோல் நீக்கியாக வேண்டும். வைத்திருந்தால் மூட்டைக்குள்ளேயே சூடேறிப் புளித்துவிடும், பருப்பின் தரம் போய்விடும், விலையும் போய்விடும். எங்கள் பழைய பல்ப்பரை எங்கள் மாமனார் வாங்கியது. டிஸ்க் தேய்ந்தால் சேலத்து லேத் பட்டறையில் கொடுத்தால் செய்து கொடுப்பார்கள். பேரிங் எந்தக் கடையிலும் கிடைக்கும். கரன்ட் இல்லாவிட்டால் டீசல் இன்ஜினை பெல்ட் போட்டு ஓட்டுவோம்.

போன சீசனுக்கு முன்பு, கரன்ட் மிச்சம் என்று சொல்லி மோட்டாருக்கு ஒரு டிரைவ் பெட்டி (வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் பெட்டி) மாட்டிக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. பறிப்பு உச்சத்தில் இருந்த நேரம், மலையில் வோல்டேஜ் ஆடியதில் அது ஃபால்ட் காட்டி நின்றது. நின்றது தப்பில்லை, மோட்டாரைக் காப்பாற்றியது. ஆனால் ஃபால்ட்டை நீக்க பாஸ்வேர்டு கேட்டது. விற்றவர் போனை எடுக்கவில்லை. அடிவாரத்திலிருந்து மெக்கானிக் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பாஸ்வேர்டு மட்டும் இல்லை. கடைசியில் டிரைவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பழைய ஸ்டார்ட்டரை மாட்டி இரவோடு இரவாகத் தோல் நீக்கினோம். பழைய ஸ்டார்ட்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் பிழைத்தோம்.

இப்போது எந்த மெஷின் வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன்பு பாஸ்வேர்டைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறேன். தர மாட்டேன் என்றால் வேறு கடை. மலையில் இருக்கிறவர்களுக்கு சர்வீஸ் என்றாலே ஒரு நாள் போய்விடும். அதற்கு மேல் பூட்டும் இருந்தால் எப்படி? இளம்பிள்ளைத் தம்பிக்குச் சொல்கிறேன்: இரண்டாவது தறி ஓடும்போதே அதன் எல்லா செட்டிங்கையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஆத்தூர்_மரவள்ளி · புதன், இரவு 8.10

அக்கா சொன்ன கதைதான் அமெரிக்க விவசாயிக்கும். ஜான் டியர் டிராக்டரில் ஒரு சென்சார் மாற்றினாலும் முழு டயக்னாஸ்டிக் மென்பொருள் டீலரிடம்தான் இருக்கிறது. அறுவடை நேரத்தில் வயலில் நின்றால் டீலர் வரும் வரை நிற்க வேண்டியதுதான். கொலராடோ மாநிலம் விவசாய மெஷின்களுக்கென்றே ரிப்பேர் உரிமைச் சட்டம் போட்டு 2024 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமே இல்லினாய், மினசோட்டா மாநிலங்களோடு சேர்ந்து அந்தக் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. நம்ம பக்கம் இப்போதைக்கு ஆத்தூர் மெக்கானிக்கே டிராக்டரைப் பிரித்து மாட்டுகிறார். புது மாடல்களில் எலெக்ட்ரானிக்ஸ் ஏறிக்கொண்டே வருகிறது, அதுதான் கவலை.

செவ்வாய்ப்பேட்டை_வெள்ளி · புதன், இரவு 9.30

நாங்கள் கொலுசு வியாபாரம். இங்கே பூட்டைப் பற்றியே எல்லோரும் பேசுவதால், எங்கள் கடையில் தினமும் பார்க்கிற ஒரு பூட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் எலெக்ட்ரானிக் தராசை நாங்கள் திறக்க முடியாது. சீல் வைத்திருக்கும். அந்தச் சீலை உடைத்தால் எங்கள் மேல் வழக்கு. ரிப்பேர் என்றால் லைசென்ஸ் வாங்கியவர்தான் செய்யலாம். செய்த பிறகு எடையளவு ஆய்வாளர் சோதித்து மறுபடியும் முத்திரை வைப்பார். ரிப்பேர் இல்லாவிட்டாலும் வருஷம் ஒருமுறை முத்திரை போட்டாக வேண்டும். வெள்ளி கிராம் கணக்கில் கைமாறுகிற இடத்தில் இது அவசியம் என்று நாங்களே ஒத்துக்கொள்கிறோம்.

இந்தப் பூட்டில் எனக்குக் குறையே இல்லை. ஏன் என்று யோசித்தால், விதி எல்லோருக்கும் தெரியும், 2009 எடையளவுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கட்டணம் இவ்வளவு என்று அரசு அறிவித்திருக்கிறது. லைசென்ஸ் வாங்கிய ரிப்பேர்காரர் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவரிடம் போகலாம், தராசு செய்த கம்பெனியிடமே போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முக்கியமாக, அந்தச் சீல் தராசு வாங்குகிறவனையும் எதிரே நிற்கிற வாடிக்கையாளரையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. இளம்பிள்ளைத் தறியில் இருக்கிற பூட்டு யாரைக் காப்பாற்றுகிறது? புடவை கட்டுகிறவரையா, நெய்கிறவரையா? இரண்டு பேரையும் இல்லை. மெஷினரி அண்ணன் சொன்ன தவணை நியாயம் கூட, தவணை முடிந்த அன்றே முடிந்துவிட்டது.

சூரமங்கலம்_ரயில் · வியாழன், காலை 6.45

இரவு ட்யூட்டி முடித்து வந்து படித்தேன். ரயிலிலேயே இது நடந்திருக்கிறது.

போலந்தில் நேவாக் என்ற கம்பெனியின் இம்பல்ஸ் ரயில்களை, பெரிய பராமரிப்புக்கு வேறொரு பணிமனைக்கு டெண்டரில் விட்டார்கள். பணிமனை வேலையெல்லாம் முடித்தும் ரயில் கிளம்பவே இல்லை. எந்தக் கோளாறும் காட்டவில்லை, ஆனால் நகரவில்லை. அவர்கள் டிராகன் செக்டர் என்ற மென்பொருள் நிபுணர் குழுவைக் கூப்பிட்டார்கள். கண்ட்ரோலர் புரோகிராமைப் பிரித்துப் படித்த அந்தக் குழு, போட்டிப் பணிமனைகளின் ஜிபிஎஸ் இடங்கள் அதில் எழுதியிருந்தன என்றும், அங்கே ரயில் குறிப்பிட்ட நாட்கள் நின்றால் தானே பூட்டிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள் என்றும் 2023 டிசம்பரில் வெளியே சொன்னது. கம்பெனி தாங்கள் அப்படிச் செய்யவில்லை என்று மறுத்து, அந்த நிபுணர்கள் மேலேயே வழக்குப் போட்டது.

ரயிலை நம்பி நிற்கிற பயணிகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். புரோகிராமைத் திறந்து பார்க்கிற ஆட்கள் இல்லாவிட்டால், பணிமனைக்காரருக்கு வேலை தெரியவில்லை என்றுதான் ஊர் சொல்லியிருக்கும். இளம்பிள்ளை எலெக்ட்ரீஷியனுக்கும் இப்போது அந்தப் பெயர்தான் வந்திருக்கும்.

இளம்பிள்ளை_ரேப்பியர் · வியாழன், காலை 7.30

அப்படியேதான் சொன்னார் டீலர். ‘தெரியாதவன் கை வைத்தால் இப்படித்தான்’ என்றார். எங்கள் எலெக்ட்ரீஷியன் இந்தப் பக்கம் பாதித் தறிகளுக்கு வயரிங் செய்தவர். அவர் முகம் வாடியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அஸ்தம்பட்டி_வக்கீல் · வியாழன், மாலை 5.50

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். சட்டப் பக்கம் என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் காகிதங்களைப் பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதல் கேள்வி, தறி ஓட்டுகிறவர் நுகர்வோரா என்பது. டீலர் பக்கம் முதலில் எடுக்கிற ஆயுதம் இதுதான்: ‘வியாபாரத்துக்கு வாங்கிய மெஷின், நுகர்வோர் சட்டம் பொருந்தாது’ என்பார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியதை விலக்குகிறது, உண்மை. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று இருக்கிறது. கூலியாள் இல்லாமல் குடும்பமே இரண்டு தறி ஓட்டுகிறீர்கள் என்பது அதனால்தான் முக்கியம். முதல் பதிவிலேயே அதைச் சொல்லிவிட்டீர்கள், புகாரிலும் முதலிலேயே எழுதுங்கள்.

இரண்டாவது, தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்று இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. வாத்தியார் சொன்ன பிரான்ஸ் அபராதமும் இதே அடிப்படைதான். சீரியல் லாக் இருப்பதையும், வேகம் பாதியாகும் என்பதையும் விற்கும்போது சொல்லவில்லை. உங்கள் வாதம் அதில் நிற்க வேண்டும். ‘லாக் வைக்கவே கூடாது’ என்று வாதாடப் போனால் மெஷினரி அண்ணன் சொன்ன பாதுகாப்பு, தவணைக் காரணங்களை அவர்கள் எடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது, நம் நாட்டில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மேல் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒரிஜினல் ஸ்பேரையும் டயக்னாஸ்டிக் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் செய்ததற்காக. மேல்முறையீடுகளில் அது நீண்டது. ஆனாலும், உதிரி பாகத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வது போட்டிச் சட்டத்துக்கு எதிராகப் போகலாம் என்ற கருத்து அங்கே அழுத்தமாகப் பதிவாகியிருக்கிறது.

ரிப்பேர் உரிமைக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இன்னும் இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ரிப்பேர் உரிமை இணையதளம் ஒன்றையும் திறந்தார்கள். விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகச் சாதனம், வாகனம் என்று நான்கு துறைகள். நெசவு மெஷின் அதில் இல்லை, எனக்கு இதில் மிகுந்த வருத்தம். சேலம், ஈரோடு, திருப்பூர் என்று இவ்வளவு தறி ஓடுகிற மாநிலத்திலிருந்து நெசவு மெஷினையும் சேர்க்கச் சொல்லி மனுக்கள் போக வேண்டும். ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல் விற்கிற போன்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் 7 வருஷம் ஸ்பேர் தர வேண்டும். சீரியல் பூட்டு உள்ள பாகம் என்றால் அதைப் பதிவு செய்யும் மென்பொருளையும் தொழில்முறை ரிப்பேர்காரர்களுக்குத் தர வேண்டும். அமெரிக்காவின் ஆரெகன் மாநிலம் 2024-ல் போட்ட சட்டம், பாகத்தைச் சீரியல் நம்பரோடு கட்டிப்போட்டு ரிப்பேரைத் தடுப்பதையே தடை செய்தது. இரண்டும் உங்கள் தறியைத் தொடாது. ஆனால் புகாரில், இது செய்ய முடியாத காரியம் இல்லை என்று காட்ட உதவும்.

கடைசியாக, மெமரி ஐசியைப் படிப்பது குற்றமா என்று யாராவது பயமுறுத்தினால்: பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்பை உடைப்பதைத்தான் குற்றமாக்குகிறது. சட்டம் தடுக்காத வேறு நோக்கத்துக்கு அதில் விலக்கு இருக்கிறது. சொந்த மெஷினைப் பழுது பார்ப்பதற்கு நல்ல வாதம் உண்டு. இருந்தாலும் முதலில் எழுத்தில் கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகு கை வையுங்கள்.

ஜவுளி_மெஷினரி · வியாழன், இரவு 7.15

வக்கீல் சார் சொன்னது போல எழுத்தில் கேளுங்கள். டீலருக்கு மட்டும் அனுப்பாதீர்கள், கம்பெனி சர்வீஸ் பிரிவுக்கும் நேரடியாக அனுப்புங்கள். பல இடங்களில் கோடு சார்ஜ் என்பது டீலர் வைக்கிற விலை, கம்பெனிக்குத் தெரியவே தெரியாது. மெஷின் சீரியல், போர்டு சீரியல், கடைசித் தவணை ரசீது மூன்றையும் இணையுங்கள்.

இளம்பிள்ளை_ரேப்பியர் · திங்கள், இரவு 8.30

நடந்ததைச் சொல்கிறேன். பதிவுத் தபாலும் மெயிலும் அனுப்பினேன், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்தேன். இன்று டீலரே போன் செய்தார். பேச்சு மாறியிருக்கிறது. 18,000 வேண்டாம், கோடு தருகிறேன் என்றார். தந்தார், போட்டேன், தறி 150-க்கு ஏறிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனால் திரையில் ‘30 நாள் செல்லும்’ என்று காட்டுகிறது. கேட்டால், நிரந்தரக் கோடு வேண்டுமானால் ‘இனி புகார் எதுவும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார். போடலாமா?

அஸ்தம்பட்டி_வக்கீல் · திங்கள், இரவு 8.55

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 30 நாள் கோடு கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, ‘உரிமை எதையும் விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொண்டேன், நிரந்தரக் கோடு இன்னும் வர வேண்டும்’ என்று இன்றே மெயில் போடுங்கள். இரண்டாவது தறிக்கும் சேர்த்துக் கேளுங்கள். கோடு காலாவதியாவதற்குள் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். மெஷின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, மேலே போனாலும் பெரிய தொகை இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, ஆனால் காத்திருக்காதீர்கள். திரையில் அந்த ‘30 நாள்’ வரி தெரிகிற மாதிரி, மெஷின் சீரியல் ஸ்டிக்கரும் சேர்ந்து விழுகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து வையுங்கள்.

சர்வீஸ்_மேசை · திங்கள், இரவு 9.20

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை, நான் இளம்பிள்ளை வருகிறேன். ஐசி ரீடர் கொண்டு வருகிறேன். எரிந்த போர்டு, இப்போது ஓடுகிற போர்டு இரண்டிலும் உள்ள மெமரியைப் படித்துக் காப்பி மட்டும் எடுத்து வைப்போம், எதையும் எழுத வேண்டாம். இரண்டாவது தறி போர்டையும் அதே நேரம் படித்துவிடலாம். உங்கள் எலெக்ட்ரீஷியனையும் வரச் சொல்லுங்கள், அடுத்த முறை அவரே செய்துகொள்ளலாம்.